ஏஜ் ஒஃப் எம்பயர்ஸ் 2: குதிரை இல்லாத சோழர் படை பலமா, பலவீனமா?

கோட்டைக்காவலன் (வெள்ளவத்தை)

ஏஜ் ஒஃப் எம்பயர்ஸ் 2 என்கிற இந்தக் கணினி வியூக விளையாட்டைப் பற்றித் துண்டு துண்டாகக் கனபேர் எழுதியிருக்கிறீர்கள். ஒரு இடத்தில் வைத்து ஒழுங்காகக் கதைப்பம் என்றுதான் இந்த இழை. 1999இல் வந்த விளையாட்டு, 2019 நவம்பரில் டெஃபினிட்டிவ் எடிஷனாகப் புதுப்பித்தார்கள். இன்றைக்கும் நடுச்சாமத்தில் போனாலும் எதிராளி கிடைக்கிறான்.

என்னைக் கேட்டால், இதன் பெரிய பலம் ஒவ்வொரு சிவ்வுக்கும் (நாங்கள் எடுத்து ஆடுகிற நாகரிகம்) எதைக் கொடுக்காமல் விட்டார்கள் என்பதில் இருக்கிறது. எல்லாருக்கும் அதே நான்கு காலம். உணவு, மரம், பொன், கல் என்று அதே நான்கு வளம். வழமையான ஆட்டத்தில் படையும் குடியுமாகச் சேர்த்து 200 பேர்தான் உச்சம். இவ்வளவும் பொதுவாக இருக்க, ஒவ்வொரு சிவ்விலும் ஒரு ஓட்டை வைத்திருக்கிறார்கள். அந்த ஓட்டையை எப்படி அடைப்பது என்று யோசிக்கிற இடத்தில்தான் வியூகம் பிறக்கிறது.

எங்கள் ஆக்களையே எடுப்போம். 2022 ஏப்ரல் 28ஆம் திகதி வந்த டைனஸ்டிஸ் ஒஃப் இந்தியா என்கிற மேலதிகத் தொகுப்பில்தான் திராவிடர் சிவ் சேர்ந்தது. அந்த ஏப்ரல் எப்படி இருந்தது என்று கொழும்பில் இருந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாய் அளவில் இருந்த டொலர் மே மாதம் 360ஐத் தொட்டது. கரண்ட் எப்போது வரும் என்று அட்டவணை பார்த்துத்தான் கொம்பியூட்டரைப் போட்டோம். அப்படியிருந்தும் வாங்கினேன். தஞ்சைப் பெரிய கோவிலை உலக அதிசயமாகக் கட்டுகிற, ஆட்கள் தமிழில் பதில் சொல்கிற ஒரு படையை முதல் தடவை நடத்தப் போகிறேன் என்கிற சந்தோஷம் அது.

திறந்து பார்த்தால் நைட் (கவசக் குதிரைவீரன்) இல்லை. ஒட்டகம் இல்லை. லைட் கவல்ரி என்கிற இலேசான குதிரைப்படை இருக்கிறது, ஆனால் அதன் கடைசி மேம்பாடான ஹுசார் வரை போகாது. அரேபியா மாதிரித் திறந்த வெளி மெப்பில் எதிரி குதிரையோடு வந்து விறகு வெட்டுகிற வில்லேஜர்களைக் கொத்திவிட்டுப் போவான், துரத்திப் பிடிக்க எங்களிடம் கால் இல்லை. இதைப் பலவீனம் என்று எழுதித் திட்டுகிறவர்களைக் கனக்கக் கண்டிருக்கிறேன். எனக்கு இதுதான் இந்த விளையாட்டில் ஆகச் சிறந்த வடிவமைப்பு.

காரணம் வரலாறு. தெற்கில் நல்ல போர்க்குதிரை வளராது. அரபு, பாரசீகக் கரைகளில் இருந்து கப்பலில் வரவேண்டும். நயினாதீவில் இருக்கிற முதலாம் பராக்கிரமபாகுவின் தமிழ்க் கல்வெட்டைப் பாருங்கள். ஊர்காவற்றுறைக்கு யானையும் குதிரையும் ஏற்றி வருகிற கப்பல் உடைந்தால் நாலில் ஒரு பங்குதான் அரசுக்கு, மூன்று பங்கு சொந்தக்காரனுக்கு. மற்றச் சரக்குக் கப்பல் உடைந்தால் பாதிக்குப் பாதி. குதிரை வியாபாரி அடுத்த முறையும் வரவேண்டும் என்பதற்காக ஒரு அரசன் தன் வருமானத்தை விட்டுக்கொடுக்கிறான். குதிரை அவ்வளவு அருமை. அந்த அருமையை இந்த விளையாட்டு ஒரு வரி விளக்கமும் இல்லாமல் எங்கள் கையில் உணர வைக்கிறது.

பதிலுக்குக் கடலைத் தந்திருக்கிறார்கள். ஒவ்வொரு காலம் ஏறும்போதும் 200 மரம் இனாம். ஒரு டொக் (கப்பல் கட்டும் துறை) கட்ட 150 மரம் போதும். ஐலண்ட்ஸ் மெப்பில் ஃபியூடல் என்கிற இரண்டாம் காலத்துக்குள் கால் வைத்த அந்த நொடியே இரண்டாவது டொக் எழும்பிவிடும், எதிரி அப்போதுதான் மரம் வெட்ட ஆள் அனுப்பிக்கொண்டிருப்பான். மீன்பிடிப் படகு மற்றவனுடையதைவிட 15 கூடுதலாகச் சுமக்கும். கடலில் இவர்களை மடக்குவது கஷ்டம்.

பலவீனங்களும் இருக்கின்றன, அதை நீங்கள் எழுதுங்கள். பிறகு வருகிறேன்.

கறுவாத்தோட்டம்

தம்பி, குதிரை விஷயம் நல்லாச் சொன்னீர். ஆனால் நீர் சொல்கிற வியூகம் அரை மணித்தியால வியூகம். கை வேகமானவன் வெல்லுவான். ஐம்பதைத் தாண்டிய என் விரலுக்கு அது சரிவராது.

குரூசேடர் கிங்ஸ் 3 (2020 செப்டெம்பரில் வந்தது) விளையாடிப் பாரும். அதில் நீர் ஒரு படை இல்லை, ஒரு ஆள். உமக்கு மனைவி, பிள்ளை, பொறாமை பிடித்த சகோதரன், காது கேட்காத அமைச்சன் எல்லாம் உண்டு. செத்தால் மகனாகத் தொடரவேண்டும். இருக்கிற நிலத்தைப் பிள்ளைகளுக்குப் பங்கு பிரிக்கும் சட்டம் ஒன்று இருக்கிறது. நாற்பது வருடம் சேர்த்த இராச்சியம் ஒரே நாளில் மூன்று துண்டாகும். மத்திய காலம் என்பது அதுதான் ஐயா. கோட்டை மதிலைவிடக் குடும்பம்தான் அரசுகளைக் கவிழ்த்தது.

இன்னொன்று. அதன் ஒரு தொடக்க ஆண்டு 1066. அந்த மெப்பில் எங்கள் தீவும் இருக்கிறது. முதலாம் விஜயபாகு பொலன்னறுவையில் இருந்து சோழரைத் துரத்தியது 1070. நான்கு வருடம் முன்னால் நின்று அந்த முடிச்சை நீர் இரண்டு பக்கத்தில் இருந்தும் அவிழ்த்துப் பார்க்கலாம். ஏஜ் ஒஃப் எம்பயர்ஸில் இந்த நிதானம் எங்கே?

மருதானை மங்கோல்

அண்ணன்மாரே, வரலாறு எல்லாம் சரி. நாங்க நாலு பேர் இரவைக்கு டீம் கேம் போடுறோம். முப்பது நிமிசத்துக்குப் பிறகு விளையாட்டே ஸ்லோ மோஷன்ல போகுது. எதிர்ப்பக்கம் ஒருத்தன்ட லெப்டொப் இழுக்குதாம், அதால எட்டுப் பேருக்கும் இழுக்குது. இது என்ன நியாயம்? பலவீனம் எழுதுறதெண்டா இதைத்தான் முதல் எழுதணும்.

மற்றது, திராவிடர்ட யானையும் காலாளும் வரும் வரைக்கும் நான் மங்குடாயோட (மங்கோலர்ட குதிரை வில்லாளி) சுத்திச் சுத்தி அடிச்சு முடிச்சுருவேன். கோட்டைக்காவலன், நீங்க ஓட்டைய அடைக்கிறதப் பத்திச் சொன்னீங்க. அரேபியால இதுக்கு என்ன அடைப்பு?

தேயிலைக்காடு

மங்கோல் சொல்வதில் பாதிக்கு விளையாட்டின் கட்டமைப்பு காரணம். இதில் போர் ஒரு நடு சர்வரில் நடப்பதில்லை. எட்டுப் பேரின் கணினியும் ஒரே போரைத் தனித்தனியாகக் கணக்குப் போடுகின்றன. இணையத்தில் போவது நீங்கள் கொடுக்கும் கட்டளை மட்டும்தான். “இந்த இருபது பேரும் அங்கே போ” என்பது ஒரு சின்னச் செய்தி, அந்த இருபது பேரும் எடுத்து வைக்கிற ஒவ்வொரு அடியும் கம்பியில் போவதில்லை. எல்லாக் கணினியும் ஒரே கணக்கில் நிற்க வேண்டும் என்பதால் ஆக மெதுவான கணினிக்கு மற்றவை காத்திருக்கின்றன. எட்டுப் பேர் தலைக்கு 200 என்றால் 1600 உருவங்கள். பழைய லெப்டொப் தாங்காது.

ஆனால் அதே கட்டமைப்புத்தான் நம்மைப் போன்றவர்களுக்கு உதவி. டேட்டா மிகக் குறைவாகச் செலவாகும். நான் அறையில் போன் ஹொட்ஸ்பொட்டில் விளையாடுகிறேன், பைபர் எடுக்க வீட்டுக்காரர் விடமாட்டார். படம் எல்லாம் சர்வரில் இருந்து வரும் விளையாட்டாக இருந்தால் மாசக் கடைசியில் டேட்டா பெக்கேஜ் போட்டே சம்பளம் போயிருக்கும்.

என் முறைப்பாடு வேறு. ஆட்கள் வழி கண்டு நடப்பது. கோட்டை வாசல் ஒன்று, வெளியே எதிரி. உள்ளே இருந்து பதினைந்து யானையை அனுப்புகிறேன். அதே நேரம் கல் சுமந்து ஒரு வில்லேஜர் உள்ளே வருகிறாள். முதல் யானை அவளுக்கு விலக, இரண்டாவது யானை முதல் யானைக்கு விலக, மூன்றாவது திரும்பி வேறு வாசல் தேடிப் பின்பக்கமாகப் புறப்படுகிறது. அது மதிலைச் சுற்றிக்கொண்டு தனியாக எதிரி நடுவில் போய் நிற்கும்போது எதிரித் துறவி ஒருவர் மந்திரம் சொல்லி அதைத் தன் பக்கம் எடுத்துக்கொள்கிறார். இதில் என் வியூகம் எங்கே பிழைத்தது? ஒரு வியூக விளையாட்டில் நான் சொன்ன கட்டளையை என் படை கேட்க வேண்டும். திருத்தினோம் திருத்தினோம் என்று ஒவ்வொரு பட்ச்சிலும் எழுதுகிறார்கள், ஒரு பக்கம் திருந்தினால் மற்றப் பக்கம் கெடுகிறது. படம் வடிவாக்கச் செலவழித்த உழைப்பை முதலில் இதில் போட்டிருக்க வேண்டும்.

கோட்டைக்காவலன்

மங்கோல், அரேபியாவில் முழு அடைப்பு இல்லை. குறைக்கலாம். அந்த 200 மரம் ஃபியூடலில் கிடைத்தவுடன் 175க்கு ஆர்ச்சரி ரேஞ்ச் ஒன்று எழும்பும். திராவிடர் ஸ்கர்மிஷர் (ஈட்டி எறிகிற காலாள்) மற்றவனுடையதைவிட 25 வீதம் வேகமாக எறியும். மங்குடாய் வந்தால் அதற்கு முன்னால் நிற்கிற ஆள் ஸ்கர்மிஷர்தான், பொன்னும் கேட்காது. நீர் சுற்றிச் சுற்றி வருகிற வழிகளை மரவேலியால் அடைத்துவிட்டால் சுற்றுகிற தூரம் கூடும், அதற்குள் நான் மூன்றாவதான காசில் காலம் ஏறிவிடுவேன். உம்மிடம் மங்கொனல் (கல் எறிகிற இயந்திரம்) வந்தால்தான் பிரச்சினை. கூட்டமாக நிற்கும் ஸ்கர்மிஷரை ஒரு கல் முடித்துவிடும். பாய்ந்து போய் அதை உடைக்க நைட் இல்லை. பதிலுக்கு நானும் மங்கொனல் போடவேண்டும், எனக்கு சீஜ் வேர்க்‌ஷொப் சாமான் மரத்தில் 33 வீதம் மலிவு. யார் முதலில் கல் எறிகிறார் என்பதில் ஆட்டம் நிற்கும். எனக்குப் பிடித்த நிமிடங்கள் அவைதான்.

கறுவாத்தோட்டம் அண்ணை, குரூசேடர் கிங்ஸ் 3 நானும் விளையாடுகிறேன், குடும்ப அரசியலில் அதை மிஞ்ச ஒன்றும் இல்லை. ஆனால் ஒன்று கேட்கிறேன். அதில் கடற்போர் எங்கே? படையைக் கரையில் நிறுத்திப் பொன் கட்டினால் கப்பல் தானாக வருகிறது, ஏறி அடுத்த கரையில் இறங்கலாம். நடுக்கடலில் உங்களை மறிக்க ஒருவரும் வரமுடியாது. 1025இல் ராஜேந்திரன் ஸ்ரீவிஜயத்தின் துறைமுகங்களுக்குப் படை அனுப்பியதை நினைத்துப் பாருங்கள். வங்கக் கடலைக் கடந்த ஒரு அரசை, கடலில் சண்டையே இல்லாத விளையாட்டில் வைத்து நடத்தும்போது அவர்களின் பாதிப் பலத்தைக் கழற்றிவிட்டுத்தானே தருகிறார்கள்?

கறுவாத்தோட்டம்

அது நியாயமான அடி, ஏற்றுக்கொள்கிறேன். கடல் அதில் வெறும் நீல நிற ரோட்டுத்தான்.

ஆனால் உம்முடைய விளையாட்டிலும் ராஜேந்திரன் எப்படி வருகிறார்? அவர் பேரில் ஒரு கம்பெய்ன் (கதைத்தொடர்) இருக்கிறது, சரி. படையைப் பாரும். சுருள்வாள் ஏந்தியவர்கள் நூற்றுக்கணக்கில் வரிசையாக வருகிறார்கள். சுருள்வாள் கேரளக் களரியில் தனி வீரன் கையில் சுழல்கிற ஆயுதம். தோளோடு தோள் நிற்கும் அணியில் அதைச் சுழற்றினால் பக்கத்தில் நிற்பவன் கழுத்துத்தான் போகும். கவர்ச்சிக்காக வைத்தது. சோழருக்கு வில்லாளிகள் இருந்தார்கள், கைக்கோளர் படை இருந்தது, வேளைக்காரர் இருந்தார்கள். கல்வெட்டுகளில் படைப்பிரிவுகள் வரிசையாகக் கிடக்கின்றன. அதை விட்டுவிட்டு இதை எடுத்தது சோம்பல்.

அதோடு திராவிடர் என்று ஒரே பெட்டிக்குள் சோழன், பாண்டியன், சேரன், ஹொய்சாளன், காகதீயன், விஜயநகரம் அத்தனையும். தங்களுக்குள் முந்நூறு நானூறு வருடம் வெட்டிக்கொண்டவர்கள். சோழரும் மேலைச் சாளுக்கியரும் மோதுகிற கதையை இந்தச் சிவ்வை வைத்துச் சொன்னால் இரண்டு பக்கமும் ஒரே கோவில், ஒரே படை என்று நிற்கும்.

தேயிலைக்காடு

ஏஜ் ஒஃப் எம்பயர்ஸ் 2இல் எங்கள் தீவுக்கென்று ஒரு சிவ் இல்லவே இல்லை என்பதை ஏன் ஒருவரும் எழுதவில்லை?

கொழும்புத் தேசிய அருங்காட்சியகத்தில் பொலன்னறுவையில் எடுத்த நடராசர் வெண்கலச் சிலை இருக்கிறது. அதே கட்டடத்தில் காலியில் கிடைத்த மும்மொழிக் கல்வெட்டும் இருக்கிறது. 1409ஆம் ஆண்டினது, சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹ கொண்டுவந்தது, சீனம், தமிழ், பாரசீகம். சீனக் கப்பற்படை இந்தத் தீவில் வந்து கல் நாட்டும்போது தமிழில் ஒரு பகுதி வெட்டுகிறது என்றால், மத்திய கால இந்து சமுத்திரத்தில் நாம் எந்த இடத்தில் இருந்தோம் என்று பாருங்கள். அதை எல்லாம் ஒரு விளையாட்டுக்குள் கொண்டுவர எத்தனை வழி இருக்கிறது! முதலாம் பராக்கிரமபாகு (1153–1186) பர்மாவுக்குக் கப்பற்படை அனுப்பினார், பாண்டிய நாட்டுக்குள் தரைப்படை இறக்கினார். குளம் கட்டினார். ஒரு சிங்கள சிவ் வைத்து, குளத்துக்குப் பக்கத்தில் போடும் வயல் கூட விளையும் என்று ஒரு சலுகை கொடுத்தால் போதும், வேறு எந்தச் சிவ்வும் இப்படி விளையாடாது.

இரும்பு இன்னொன்று. திராவிடருக்கு ஊட்ஸ் எஃகு என்று ஒரு தொழில்நுட்பம் கொடுத்திருக்கிறார்கள், காலாளும் குதிரையும் அடித்தால் எதிரியின் கவசம் கணக்கில் வராது. மிக நல்ல யோசனை. ஆனால் அதே எஃகுக்கு எங்கள் பக்கத்திலும் கதை இருக்கிறது. பலாங்கொடைப் பக்கம் சமனலவெவவில் அகழ்ந்து எடுத்த உலைகள் மலைச்சரிவின் விளிம்பில் மேற்கைப் பார்த்து வரிசையாகக் கட்டியவை. துருத்தி ஊத ஆள் தேவையில்லை, தென்மேற்குப் பருவக்காற்றே உலையை ஊதும். 1996இல் நேச்சர் இதழில் அந்த ஆய்வு வந்தது. நான் அந்தப் பக்கத்து ஆள். ஆடி மாதக் காற்று எப்படி அடிக்கும் என்று எனக்குத் தெரியும், கூரைத் தகரத்துக்கு மேல் கல் தூக்கி வைப்போம். அந்தக் காற்றில் இரும்பு உருக்கியிருக்கிறார்கள் என்று படித்தபோது நான் அடைந்த பெருமையை ஒரு விளையாட்டில் என் தம்பியும் அடைய வேண்டும் என்று கேட்கிறேன்.

மருதானை மங்கோல்

தங்கச்சி சொல்றது சரி. ஆனா ஒண்டு, சிவ் கூடக் கூட பெலன்ஸ் கெடும். 2025 மே மாசம் த்ரீ கிங்டம்ஸ் எண்டு புதுத் தொகுப்பு வந்திச்சே. மூண்டாம் நூற்றாண்டுச் சீனத்து ஷு, வெய், வு மூணையும் தனிச் சிவ்வாப் போட்டாங்க. மத்திய காலத்துக்கு எவ்வளவு முந்தின ஆக்கள்! அதோட கதைநாயகன் யூனிட் வேற, ராங்க்டு (தரவரிசை) ஆட்டத்துக்குள்ளயே. லியூ பெய் குதிரைல வந்து நிக்கிறார். இவ்வளவு நாளும் எந்த ஆளும் செத்தா இன்னொருத்தன் வருவான், அதுதானே இந்த விளையாட்டு. யூனிட்டுக்கு விலை, விலைக்கு மாற்று. அந்தக் கணக்க உடைச்சிட்டாங்க. தீவுக்குச் சிவ் குடுங்க, பராக்கிரமபாகுவ ஹீரோவாக் குடுத்திராதீங்க.

கோட்டைக்காவலன்

மங்கோல் சொன்ன கடைசி வரியோடு முழுக்க நிற்கிறேன். கறுவாத்தோட்டம் அண்ணை சொன்ன ஒரே பெட்டி விஷயமும் உண்மை. ஆனால் பெட்டியை உடைக்கும்போது வெறும் பேரும் கோவிலும் மாறி என்ன பயன்? ஓட்டையும் மாறவேண்டும். விஜயநகரம் என்று ஒன்று தனியாக வந்தால், குதிரையை வாங்கலாம், பொன் இரண்டு மடங்கு என்று வையுங்கள். மார்க்கெட் மூலமாக மட்டும் நைட் எடுக்கலாம் என்று வையுங்கள். அப்போது அது சோழரில் இருந்து உண்மையாகவே வேறு ஒரு படை.

வேளைக்காரர் என்று அண்ணை எழுதினதைப் பார்த்ததும் நினைவுக்கு வந்தது. பொலன்னறுவையில் அவர்கள் வைத்த தமிழ்க் கல்வெட்டு இருக்கிறது, தந்ததாது வைத்திருக்கும் மாளிகையைக் காப்போம் என்று உறுதி சொல்லி நாட்டியது. விஜயபாகுவுக்குப் பின்னான காலம். புத்தரின் தாதுவுக்குத் தமிழ்ப் படை காவல்! இந்த விளையாட்டிலும் ரெலிக் இருக்கிறதே, துறவி எடுத்துக்கொண்டு போய் மடத்தில் வைத்தால் நிமிடத்துக்கு 30 பொன் வரும். ஐரோப்பாவை நினைத்துச் செய்தது. ஆனால் தாதுவை யார் வைத்திருக்கிறாரோ அவரே அரசர் என்று நம்பிய தீவுக்கு அதைவிடப் பொருத்தமான விதி கிடைக்குமா? தந்ததாது கையில் இருந்தால் பொன்னோடு காலாள் பயிற்சியும் வேகமாகும் என்று வைத்தாலே, மெப்பின் நடுவில் கிடக்கிற ஒரு ரெலிக்குக்காக இரண்டு பக்கமும் காசில் காலத்தில் சாவோம்.

இந்தத் தீவின் மத்திய காலத்தை இன்று நாங்கள் கதைப்பது போல அவர்கள் இரண்டு அணியாக நின்று வாழவில்லை. ஒரு அரசன் தமிழில் கல்வெட்டு வைக்கிறான், ஒரு தமிழ்ப் படை தாதுவைக் காக்கிறது. 993 அளவில் ராஜராஜனின் படை வந்ததும் 1017இல் ஐந்தாம் மகிந்தன் சிறைப்பட்டதும் எவ்வளவு உண்மையோ இதுவும் அவ்வளவு உண்மை. யார் எவரோடு கூட்டு என்பது ஆட்டத்துக்கு ஆட்டம் மாறுகிற விளையாட்டில் இதைக் காட்டுவது சுலபம். செய்யவில்லை என்பதுதான் எனக்கு இருக்கிற பெரிய மனக்குறை. வழி தெரியாத யானை இரண்டாவது.

புதுவரவு

வணக்கம். ஏ.எல். முடித்துவிட்டு இருக்கிறேன். பம்பலப்பிட்டியில் பாவித்த லெப்டொப் ஒன்று வாங்கினேன், 8 ஜிபி ரேம், தனி கிராஃபிக்ஸ் காட் இல்லை. இந்த இரண்டில் எதை வாங்கலாம்? அரேபியாவில் திராவிடரோடு தொடங்கலாமா?

கறுவாத்தோட்டம்

பொறுமை இருந்தால் குரூசேடர் கிங்ஸ். அவசரப்பட்டு எல்லா டிஎல்சியும் (மேலதிகத் தொகுப்புகள்) வாங்க வேண்டாம், அடி விளையாட்டே ஒரு வருடத்துக்குக் காணும்.

தேயிலைக்காடு

ஏஜ் ஒஃப் எம்பயர்ஸ் 2 எடுங்கள் தம்பி. பெரிய 4கே படத்தொகுப்பு தனி டவுன்லோட், இலவசம்தான், ஆனால் உங்கள் மெஷினுக்கு வேண்டாம். உள்ளே பெஞ்ச்மார்க் சோதனை ஒன்று இருக்கும், அதில் 1000 புள்ளி வந்தால்தான் ராங்க்டு ஆட விடும். நிழல், தண்ணீர்ப் பிரதிபலிப்பு எல்லாவற்றையும் குறைத்துவிட்டு ஓட்டுங்கள், பெரும்பாலும் வரும். எட்டுப் பேர் ஆட்டத்துக்குள் மட்டும் இப்போதைக்குப் போகாதீர்கள். மங்கோல் திட்டுவார்.

அரேபியா பிறகு. முதலில் கணினியோடு ஐலண்ட்ஸ் மெப்பில் திராவிடரை எடுங்கள். தொடக்கத்தில் மூன்று வில்லேஜர் இருப்பார்கள். மூவரையும் ஆட்டில் விடுங்கள், டவுன் சென்டரில் ஆள் எடுப்பதை ஒரு நொடியும் நிறுத்தாதீர்கள். ஆறு பேர் உணவில் நின்ற பிறகு அடுத்த மூன்று நான்கு பேர் விறகுக்கு. அதற்குப் பிறகு ஒருவரைக் காட்டுப்பன்றியிடம் அனுப்புங்கள். அம்பு பட்டதும் பன்றி துரத்தும், திரும்பி டவுன் சென்டருக்கு ஓட வேண்டும், நடுவில் நின்றால் ஆள் போய்விடும். ஆட்டில் நிற்பவர்கள் சேர்ந்து பன்றியை அடித்தால் 340 உணவு. இரண்டு பன்றியையும் இப்படி எடுத்துப் பழகுங்கள். மற்றது எல்லாம் அதற்குப் பிறகு பார்க்கலாம்.

மருதானை மங்கோல்

திட்டமாட்டேன் தம்பி, லெப்டொப்புக்கு இன்னொரு 8 ஜிபி ரேம் போட்டுட்டு வாங்க. சனிக்கிழமை இரவு எங்கட பக்கம் ஒரு ஆள் குறையுது.